திக்வா: இரண்டு மீட்டர் கயிற்றை வைத்து ‘நம்பிக்கை’யைப் படிப்பது எப்படி

காசிமேட்டில் கயிறும் வலையும் விற்கிற கடையில் முப்பத்தோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் ராயபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். அதில் வேதபாடம் என் பொறுப்பு. எபிரெயு மொழியை நான் முறையாகப் படித்தவன் இல்லை. எழுத்துகளைக் கூட்டி, திக்கித் திணறி வாசிக்க வரும், அவ்வளவுதான். இருந்தும் நம்பிக்கை என்று பொருள்படும் ‘திக்வா’ என்ற ஒரே எபிரெயச் சொல்லை வைத்து நாலு வாரம் பாடம் எடுத்தேன். அதை எப்படிச் செய்தீர்கள் என்று வேறு தெருக்களில் பாடம் நடத்துகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

வேண்டிய சாமான் அதிகமில்லை. நாம் வழக்கமாக வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, கத்தோலிக்கர் வீட்டில் இருக்கும் திருவிவிலியம் ஒன்று, எபிரெயச் சொல்லுக்கு எண் காட்டுகிற இலவச செயலி உள்ள ஒரு போன், கோடு போட்ட ஒரு நோட்டு. கூடவே மூன்று புரி நைலான் கயிறு இரண்டு மீட்டர். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டும் பாடம் எடுக்கலாம், ஆனால் எடுபடாது.

முதல் வேலை, தமிழ்ச் சொல் எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்று பார்ப்பது. 1 கொரிந்தியர் 13:13ஐ இரண்டு வேதத்திலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று இருக்கும். திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்று இருக்கும். கவனித்தீர்களா? நாம் இரண்டாவது இடத்தில் வைத்த சொல்லை அவர்கள் முதல் இடத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு எதிர்வீட்டு அத்தை வருவார். அவர் கத்தோலிக்கர், ராயப்பர் (அதாவது பேதுரு) கோயில்காரர். ராயப்பர் பேரால்தான் ராயபுரம் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். “நம்பிக்கை வைங்க” என்று நான் சொன்னால் அவர் காதில் அது ‘விசுவாசம் வை’ என்று விழும். என் மனைவி காதில் ‘நல்லது நடக்கும்னு எதிர்பார்’ என்று விழும். ஒரே பாயில் உட்கார்ந்து இரண்டு பாடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், பல வருஷமாக.

நம் கூட்டத்தில் தமிழாசிரியை ஒருவர் உண்டு. அவர் சொன்னதையும் இங்கே போட்டுவிடுகிறேன். தொல்காப்பியத்தில் ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்று ஒரு நூற்பா இருக்கிறதாம். நசை என்றால் விருப்பம், ஏக்கம். ஆக, பழந்தமிழில் ‘நம்பு’ என்பது ஏங்கு என்பதற்குப் பக்கத்தில் இருந்த சொல். இன்றைக்கு “உன்னை நம்பித்தான் கடன் கொடுத்தேன்” என்கிற நம்பிக்கை வேறு. “புள்ளை வந்துருவான்னு நம்பிக்கினு கீறேன்” என்கிற நம்பிக்கை வேறு. திக்வா இந்த இரண்டாவது வகை.

அடுத்து எண்ணைப் பிடியுங்கள். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1890ல் வேதத்தின் ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் எண் போட்டு, ஒவ்வொரு சொல்லும் வருகிற இடங்களைக் காட்டுகிற ஒத்தவாக்கிய அகராதி வெளியிட்டார். செயலிகளில் வருவது பெரும்பாலும் அந்த எண்தான். திக்வாவின் எண் 8615. அதற்குத் தாய்ச்சொல்லான ‘காவா’வுக்கு 6960. காவா என்றால் காத்திரு, எதிர்பார். 8615ஐத் தட்டினால் பழைய ஏற்பாட்டில் அது வருகிற இடங்கள் 34 என்று காட்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். போனில் தள்ளிக்கொண்டே போனால் ஒன்றும் மனதில் நிற்காது, கையால்தான் எழுத வேண்டும். எழுதும்போதே ஒன்று கண்ணில் படும். அதில் 13 இடம் யோபு புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனும் அவனோடு வாதாட வந்த சிநேகிதர்களும்தான் இந்தச் சொல்லை அதிகமாகப் பேசுகிறார்கள். காலண்டரில் பூப்படத்துக்குக் கீழே அச்சடிக்கிற நம்பிக்கைக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

இப்போது அந்தப் பட்டியலில் ஒட்டாமல் நிற்கிற வசனத்தை முதலில் எடுங்கள். எந்தச் சொல்லைப் படித்தாலும் இது என் வழக்கம். கடையில் சரக்கு எண்ணும்போதும் அப்படித்தான், கணக்கில் உதைக்கிற உருப்படியைத்தான் முதலில் கையில் எடுப்போம். 34ல் 32 இடங்களில் திக்வா நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்ற பொருளில் வருகிறது. மீதி இரண்டும் யோசுவா 2ஆம் அதிகாரத்தில், 18ஆம் வசனத்திலும் 21ஆம் வசனத்திலும். அங்கே அதன் பொருள் கயிறு.

எரிகோ பட்டணத்தை வேவு பார்க்க வந்த இரண்டு இஸ்ரவேலரை ஒளித்துவைத்து, கயிற்றில் இறக்கித் தப்பவிட்டவள் ராகாப். பட்டணம் விழும்போது தன் வீடு தப்ப அடையாளமாக அவள் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல் கயிறு அது. ‘திக்வத் ஹூத் ஹஷ்ஷானி’ என்று மூலத்தில் இருக்கிறது. திக்வா அடுத்த சொல்லோடு சேரும்போது திக்வத் ஆகிறது. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பகலெல்லாம் கயிறு அளந்து கொடுத்துவிட்டு வந்து, நம்பிக்கை என்ற சொல்லுக்கு எபிரெயுவில் கயிறு என்றும் பொருள் என்று வாசித்தால் எப்படி இருக்கும்?

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்புப் பண்ணினேன். அடுத்த வியாழக்கிழமை எழுந்து நின்று, “வேவுகாரர் இறங்கின கயிறுதான் அவளுடைய நம்பிக்கை ஆச்சு” என்று முழங்கினேன். பின்வரிசையில் இருந்த எதிர்வீட்டு அத்தை, “அது வேற கயிறு இல்லையா ஐயா? ஆளு ரெண்டு பேரைத் தாங்கணும்னா தாம்புக்கயிறு வோணுமே, நூல் கயிறுல எப்படி இறக்குவா?” என்றார். கயிற்றுக் கடைக்காரன் நான், இதை அந்தம்மாதான் கேட்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் 15ஆம் வசனத்தைப் பார்த்தேன். அவர்களை இறக்கின கயிற்றுக்கு மூலத்தில் ‘ஹெவெல்’ என்று வேறு சொல். தமிழில் இரண்டையும் கயிறு என்றே போட்டுவிட்டார்கள். ஆகவே வசனத்துக்கு வசனம் எண்ணைச் சரிபாருங்கள். தமிழில் ஒரே சொல்லாக இருப்பதால் மூலத்திலும் ஒரே சொல் என்று நினைத்தால் என்னைப் போல் நிற்க வேண்டியதுதான். பிரசங்கி 4:12ல் வருகிற ‘முப்புரிநூல்’ கூட திக்வா இல்லை. அது ஹூத், நூல். மூன்று புரி என்றதும் எங்கள் தொழில்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். அதை இந்தப் பாடத்தில் சேர்க்காதீர்கள்.

ராகாப் கதையில் நிதானமாக நின்று பார்க்க வேண்டிய இடம் 21ஆம் வசனம். ‘நாங்கள் தேசத்துக்குள் வரும்போது கட்டு’ என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அவளோ அவர்களை அனுப்பிவிட்டு உடனே கட்டிவிட்டாள் என்றே வசனம் வாசிக்க வருகிறது. அதற்குப் பிறகு வேவுகாரர் மூன்று நாள் மலையில் ஒளிந்திருந்தார்கள். ஜனங்கள் யோர்தானைக் கடந்தார்கள். எரிகோவை ஏழு நாள் சுற்றினார்கள். இத்தனை நாளும் அந்தக் கயிறு பட்டண மதிலான அலங்கத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். ஊர்க்காரர் யாராவது “இன்னாம்மா இது ஜன்னல்ல?” என்று கேட்டிருக்கலாம். வேதம் அதைச் சொல்லவில்லை, நான் கூட்டத்தில் கேட்கிற கேள்வி அது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் அதைத் தொட்டுப் பார்த்திருப்பாள்? இங்கே பேச்சை நிறுத்தி, பத்து நிமிஷம் மற்றவர்களைப் பேச விடுங்கள்.

சிவப்பு என்றால் இயேசுவின் இரத்தம் என்று யாராவது உடனே சொல்வார்கள். அது புதுசாகக் கட்டிய விளக்கம் இல்லை. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமாபுரி கிளெமெந்து கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்திலேயே அது இருக்கிறது. சபை ஆரம்பத்திலிருந்து அப்படி வாசித்திருக்கிறது, நாமும் வாசிக்கலாம். ஆனால் அந்த அர்த்தம் நிறத்திலிருந்து வருகிறது, திக்வா என்ற சொல்லிலிருந்து வரவில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டுத் தாண்டுங்கள்.

அடுத்து, கயிறு என்ற பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற வசனங்களைத் திரும்ப வாசிக்க வேண்டும். எல்லா இடத்திலும் பொருந்தாது, பொருத்தவும் கூடாது. மூன்று இடங்களில் மட்டும் நின்று பாருங்கள்.

முதலாவது யோபு 7:6. ‘என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் தீவிரமாய் ஓடுகிறது, அவைகள் நம்பிக்கையில்லாமல் முடிந்துபோம்.’ தறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறவன் திடீரென்று ஏன் நம்பிக்கைக்குத் தாவுகிறான்? தாவவில்லை. ‘திக்வா இல்லாமல்’ என்றால் ‘நூல் தீர்ந்து’ என்றும் கேட்கும். சிலேடை. காளமேகம் ஊரான நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது இந்தச் சிலேடை காணாமல் போய்விட்டது, தமிழிலும் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, சிலேடையை எந்த மொழிபெயர்ப்பாளரும் கரை சேர்க்க முடியாது.

இரண்டாவது நீதிமொழிகள் 23:18. ‘நிச்சயமாகவே முடிவு உண்டு; உன் நம்பிக்கை வீண்போகாது.’ வீண்போகாது என்ற இடத்தில் மூலத்தில் ‘லோ திக்காரேத்’ என்று இருக்கிறது. வெட்டப்படாது, அறுபடாது என்று அர்த்தம். கயிற்றை அறுக்கலாம், நம்பிக்கையையும் அறுக்கலாம், உன்னுடையது அறுபடாது. 24:14லும் இதே வாசகம்தான்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. எசேக்கியேல் 37:11, உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கு. பாபிலோனில் சிறைப்பட்டிருக்கிற ஜனம் புலம்புகிறது: ‘எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று, நாங்கள் அறுப்புண்டுபோகிறோம்.’ இங்கே திக்வாவோடு வருகிற எபிரெய வினைச்சொல்லுக்கு அழிந்துபோனது, தொலைந்துபோனது என்றுதான் பொருள். வெட்டுவது அடுத்த வார்த்தையில்தான் வருகிறது. ஆனால் தமிழில் ‘அற்றுப்போயிற்று’ என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள். அறுதல் கயிற்றுக்கு உள்ள சொல். சென்னையில் 1742 முதல் ஊழியம் செய்த பப்ரீசியஸ் ஐயர் போட்ட அடித்தளத்தின் மேல், பவர் ஐயர் தலைமையில் திருத்தி 1871ல் வந்த வேதம் இது. இந்தச் சொல்லை எந்தக் கை வைத்ததோ, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு. தமிழில் ‘நம்பிக்கை அற்றுப்போச்சு’ என்று சொல்லும்போதெல்லாம் நாம் நம்பிக்கையைக் கயிறாகத்தான் பார்க்கிறோம். எபிரெயு தெரியாத அத்தைக்கும் அது தெரியும்.

எரேமியா 29:11ஐக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்று நாம் வாசிப்பது மூலத்தில் இரண்டு சொல்: முடிவு, திக்வா. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுபது வருஷம் என்று இருக்கிறது. எரேமியா சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய இந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பாதிப்பேர் அந்த முடிவைப் பார்க்காமலே பாபிலோனில் செத்திருப்பார்கள். புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் பத்தாம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை.

இனி எச்சரிக்கை. காவா என்ற தாய்ச்சொல்லுக்கு ‘முறுக்கு, புரியேற்று’ என்பதே முதல் அர்த்தம் என்றும், ஆகவே கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் அவரோடு புரி சேர்ந்து முறுக்கிக்கொள்வது என்றும் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கயிற்றுக்கும் காத்திருப்புக்கும் வேர் ஒன்று என்று அகராதிக்காரர்கள் யூகிக்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் வேர்ச்சொல் அர்த்தத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு வசனத்திலும் திணிக்கக் கூடாது என்று 1961லேயே ஜேம்ஸ் பார் என்ற வேத அறிஞர் விரிவாக வாதாடியிருக்கிறார். தமிழிலேயே சோதித்துப் பாருங்கள். ‘வடம்’ என்றால் கயிறு. வடம்பிடித்துத் தேர் இழுக்கிறோம், கழுத்தில் மணிவடம் போடுகிறோம். அதனால் மணிவடம் போட்டவள் தேர் இழுக்கிறாள் என்பீர்களா? ஏசாயா 40:31ல் ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள்’ என்றால் காத்திருக்கிறவர்கள்தான். முறுக்கு வேண்டாம்.

காத்திருப்பது என்றால் என்ன என்பதற்கு எங்கள் பேட்டையில் உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அப்போது துறைமுகம் தூங்கும் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். எங்கள் கடையில் கூட்டம் நெரிவதே அப்போதுதான். வலை சரிபார்ப்பார்கள், இத்துப்போன கயிற்றை மாற்றுவார்கள், இஞ்சினை இறக்கி வேலை பார்ப்பார்கள், போட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். கடல் திறக்கிற தேதி தெரியும், அதனால் கை சும்மா இருக்காது. ‘காத்திரு’ என்ற நம் சொல்லிலேயே காவல் இருக்கிறது. சங்கீதம் 130ல் விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரன் வருகிறான் அல்லவா, அவனும் வேலையில் இருக்கிறவன்தான். ஏசாயா 5ல் திராட்சத்தோட்டம் நட்டவர் நல்ல பழத்துக்குக் காத்திருந்தார் என்கிற இடத்திலும் காவாதான். காத்திருக்கிறவர் அங்கே தேவன். இதை நான் சொன்னபோது கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

புதிய ஏற்பாட்டுக்கு வரும்போது மொழி மாறுகிறது. அது கிரேக்கம், சொல் ‘எல்பிஸ்’. திக்வாவைப் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் எல்பிஸ் என்றே போட்டார்கள். ராகாபின் கயிற்றுக்கு மட்டும் கயிற்றைக் குறிக்கிற வேறு சொல். ஆகவே ‘எல்பிஸ் என்றாலும் கயிறு’ என்று சொல்லிவிடாதீர்கள். சொல்லளவில் கயிறு யோசுவாவோடு முடிந்தது. ஆனால் எபிரெயர் 6:19ஐத் திறந்து பாருங்கள்: அந்த நம்பிக்கை ‘நிலையும் உறுதியும் திரைக்குள்ளாகப் பிரவேசிக்கிறதுமான ஆத்தும நங்கூரம்’. நங்கூரம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் லாஞ்சு ஓட்டுகிற தம்பி கேட்டான்: “அண்ணே, கயிறு இல்லாம நங்கூரம் இன்னாத்துக்கு? வெறும் இரும்புதானே?” பாடத்தை அவனே முடித்துவைத்தான். படகில் இருப்பவன் கண்ணுக்கு நங்கூரம் தெரியாது, தண்ணிக்குள் இறங்குகிற கயிறு மட்டும்தான் தெரியும். அது விறைப்பாக நின்றால் கீழே பிடித்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எபிரெயர் நிருபத்தில் நங்கூரம் கீழே போகவில்லை, தேவசந்நிதியை மறைக்கிற திரைக்குள்ளே போகிறது. அங்கே நமக்கு முன்னோடினவராகிய இயேசு பிரவேசித்திருக்கிறார் என்கிறது அடுத்த வசனம். கிறிஸ்தவனுக்குத் திக்வாவின் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது என்றால், அங்கே. ராகாபின் கயிறும் ஜன்னலில் கட்டினதால் காப்பாற்றவில்லை. வாக்குக் கொடுத்த இரண்டு பேர் உயிரோடு திரும்பி வந்ததால் காப்பாற்றியது.

கயிற்றைக் கையில் எடுக்க வேண்டிய நேரம் இதுதான். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையை ஒருவர் கையில் கொடுத்து, கண்ணை மூடச் சொல்லி, லேசாகச் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். கயிறு விறைக்கும். பிறகு அவருக்குத் தெரியாமல் முடிச்சை அவிழ்த்து, வேறொருவர் பிடித்துக்கொள்ளட்டும். என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். கம்பி அசையாது, ஆள் பிடித்தால் உயிர்த்துடிப்பு கயிறு வழியாகக் கைக்கு வரும். 1 பேதுரு 1:3ல் ‘ஜீவனுள்ள நம்பிக்கை’ என்று வாசிக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. வயசானவர்களை வைத்து இதைச் செய்யாதீர்கள். ஒரு தடவை தாத்தா ஒருவர் பாயில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை, ஆனால் அவர் மருமகள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

முழுப் பாடத்தையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். முதல் வாரம் ராகாப், இரண்டாம் வாரம் யோபும் நீதிமொழிகளும், மூன்றாம் வாரம் எசேக்கியேல், நாலாம் வாரம் நங்கூரம். ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். எங்கள் தெருவில் அதற்குமேல் போனால் தண்ணி லாரி வந்துவிடும், பாதிப்பேர் குடத்தோடு எழுந்து ஓடுவார்கள்.

கயிறு ஆறு எம்எம் போதும். வெட்டினதும் இரண்டு முனையையும் மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புரி பிரிந்து பஞ்சாய்ப் போகும். பாடம் முடிந்ததும் ஞாபகமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நான் கூட்டம் நடந்த வீட்டு ஜன்னலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுவாரம் போனால் அதன் மறுமுனையை எதிரே ஓர் ஆணியில் கட்டி, ஈரத் துண்டும் பள்ளிச் சட்டையும் காயப்போட்டிருந்தார்கள். கேட்க மனசு வரவில்லை. கடைக்குப் போய்ப் புதுசாக இரண்டு மீட்டர் வெட்டிக்கொண்டேன்.